புது ஓ.பி. சீட்டு

தருமபுரி பெரியாஸ்பத்திரி.
குழந்தைகள் வார்டின் ஒட்டகச்சிவிங்கி
சுவரிலேயே நின்றுகொண்டது.
போன மாசமே என் கால் கட்டிலுக்கு வெளியேதான்.

எஸ்தர் சிஸ்டர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்:
இதுவரை எத்தனை யூனிட், எப்போது காய்ச்சல்,
ஃபெரிட்டின் எவ்வளவு.
ஓரத்தில் பென்சிலால்:
இடது கை. வலதில் தேட வேண்டாம்.

மேல்மாடி, அறை பதினொன்று.
"யாருக்குத் துணைக்கு வந்தே தம்பி?"
பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர் கேட்டார்.
எனக்கேதான் என்றேன்.

"தீர்த்தகிரி, ஆண், பதினெட்டு."
கீழே நான் கிரிக்குட்டி.

என்ன பிரச்சினை என்றார் புது டாக்டர், எழுதிக்கொண்டே.
அம்மா வாயைத் திறந்தாள்.
பதினேழு வருசமாக அந்தப் பதில் அவளுடையது,
அரூர் பஸ்ஸில் நின்றபடி மனப்பாடம் செய்தது.
"அவர் சொல்லட்டும்மா."
அவர் என்பது நான் என்று புரிய
ஒரு நொடி ஆனது.

தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம்.
"இரும்பு இறங்க மாத்திரை?"
தினமும் சார், என்றாள் அம்மா.

வாரத்தில் நாலு நாள், என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள்.
டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார்.
இடது கையை
மேசைமேல் வைத்தேன்.