மங்கலாக்கும் வேலை

டோலிடோ காவல்துறையின் ஆவணப் பிரிவில்
ஜன்னல் இல்லாத அறை எனக்கு.
சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது.
மணிக்கு இருபத்திரண்டு டாலர்,
ஒரு மவுஸ்.

அதிகாரிகளின் நெஞ்சில் மாட்டிய கேமரா
அள்ளிவரும் படங்களில்
சம்பந்தமில்லாதவர்களின் முகங்களை
ஊர் பார்க்குமுன் நான் மங்கலாக்க வேண்டும்.
கார் எண், மருந்துச் சீட்டு,
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய
பள்ளிக்கூட அட்டவணை.
சட்டம் அப்படி.

லாக்வுட் தெரு வழக்கு
மொத்தமே பத்தொன்பது நொடி.
நொடிக்கு முப்பது படம்.
ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
டெர்வின் ஹோல்ப்ரூக்கின் கை
இடுப்புக்குப் போய்ச்சேர
ஒரு பகல் பிடித்தது.

கையில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.
எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வாணலியில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.
அதற்குப் பிறகும் பொரிந்தது.
யாரும் அடுப்பை அணைக்கவில்லை.
மாடிப்படியின் நடுவில் ஒரு பையன்,
ஒரு காலில் மட்டும் காலுறை.
ஐநூற்று எழுபது படங்களில்
இருநூற்றுப் பன்னிரண்டில் இருக்கிறான்.
இருநூற்றுப் பன்னிரண்டு தடவை
அவன் முகத்தில் மூட்டம் பூசினேன்.

வெள்ளிக்கிழமை மாலை வெளியிட்டார்கள்.
சனிக்கிழமை ஊரெல்லாம் நீதிபதி.
என் மைத்துனன் கிளென்
கொல்லையில் இறைச்சி வாட்டியபடி
பதினொன்றாம் நொடியில் நிறுத்தி
"இதோ பார்" என்றான்.
அவன் மகள் அதே நொடியில் நிறுத்தி
"நீங்க பாருங்க" என்றாள்.
நான் சோளக்கதிருக்கு வெண்ணெய் தடவினேன்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம்.
தீர விசாரிக்க
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
சுட்ட அதிகாரியின் மனைவி
அரை நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
ஹோல்ப்ரூக்கின் அக்கா பேசவேயில்லை.
மைக் முன்னால்
மூன்று நிமிடமும் நின்றாள்.
சிவப்பு எரிந்ததும்
நன்றி என்று சொல்லிப் போனாள்.

அக்டோபரில் நடுவர் குழு கூடியது, கலைந்தது.
வழக்கில்லை என்றார்கள்.
கிளென் தெரு முழுக்க ஹாரன் அடித்தான்.
அவன் மகள்
அந்த வீட்டுக்கு இப்போது வருவதில்லை.
என்னிடம் வேறு பத்து வீடு,
வேறு பத்து சமையலறை.

நேற்று கடையில்
கார்ன்ஃபிளேக்ஸ் அடுக்கின் அருகே அவன்.
முன்பல் ஒன்று விழுந்திருந்தது.
காலுறையைப் பார்க்கக் குனியத் தோன்றியது எனக்கு;
பனிக்கால பூட்ஸ் போட்டிருந்தான்.

நகரமே பார்த்த பையன்.
அவன் முகம் தெரிந்த அந்நியள்
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
தள்ளுவண்டியின் கைப்பிடியில்
என் சுட்டுவிரல்
தானாக ஒருமுறை அழுந்தியது.

அவன் தெளிவாகவே நின்றான்.