வலது குழி

நூற்றுப் பதினான்கு ஸ்டேப்பிள் பின்.
ஒவ்வொன்றாய் நெம்பி
ஜாம் பாட்டில் மூடியில் போடுகிறாள் நெலிதா பியூ.
உறை கழன்றதும்
மஞ்சள் ஸ்பாஞ்சில் இரண்டு குழிகள்.
நாற்பதாயிரம் கிலோமீட்டர்
அவள் எலும்பு முனகியதெல்லாம்
அதற்கு ஞாபகம் இருக்கிறது.

ட்ரெலியூவிலிருந்து தெற்கே போனால்
காற்று வலது கன்னத்தில் அறையும்.
வலப்பக்கம் சாய்ந்தால்தான் நேராகப் போகலாம்.
திரும்பி வருகையில் இடப்பக்கம்.
கணக்குப்படி குழிகள் சமம்.

சமமாக இல்லை.
வலது, ஓர் அரிசி ஆழம் கூட.

போன மார்ச்சில்
ரியோ காயேகோஸ் வரை ஓட்டிப் போனவள்
வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்,
டிரைவர் பக்கத்தில்
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வாய் திறக்காமல்.
ஏனென்று ஸ்பாஞ்சுக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும்
கறி நறுக்கும் மின்கத்தி
சமையல் மேஜையில் உறுமுகிறது.
தொடைப்பக்கம் குறுக்கு, பின்னால் அகலம்.
ஒரு வெட்டு கோணிப் போகிறது.
வெல்ஷில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொல்கிறாள்.
வசவுதான்.

பழைய மெத்தைத் துண்டு, பசை,
மழைக்கு ரொட்டிக் கடைப் பிளாஸ்டிக் பை,
மேலே செம்மறித் தோல், ரோமம் வெளிப்புறமாக.
இரண்டு குழியும் நிரப்பியாயிற்று.

ஷெட்டுக்குள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில்
ஏறி உட்கார்கிறாள், சோதித்துப் பார்க்க.
ரேடியோவில் கால்பந்து.
இடைவேளையிலும் இறங்கவில்லை.
தகரக் கதவை உதைக்கிறது மேற்குக் காற்று.

எண்பதாவது நிமிடம்,
யாரோ கோல் போடுகிறார்கள்.
அப்போதுதான் கவனிக்கிறாள்:
எங்கும் போகாத வண்டியில்
வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ரேடியோவை நிறுத்தாமலே இறங்கி
முதல் பின்னை நெம்புகிறாள்.