ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே

உரக்கடை மாடியில் ஜெசிந்தாவின் பார்லர்.
நான் மின்வாரியம், மன்னார்குடி செக்‌ஷன்.
மோட்டாருக்கு மும்முனை எப்ப வரும் என்பவர்களுக்கு
நாள் முழுக்கப் பதில் சொல்கிற வாய்.
அதற்கு இரண்டு விரல் கீழே
பதினேழு முடி.

ஈரப் பஞ்சு சுற்றிய பாசிட்டிவை
உள்ளங்கையில் பிடிக்கச் சொன்னாள்.
நெகட்டிவ் ஊசியில்.
"இது டிசி, மேடம். மெதுவா வேலை செய்யும்.
உங்க உப்பையும் தண்ணியையும் எடுத்தே
வேரடியில காரமாக்கும்."

வேதாரண்யத்துக்காரி நான்,
உப்புக்கா குறைச்சல்.

"அவசரம்னா ஹை ஃப்ரீக்வன்சி.
ஒரு நொடி, சூடு, சுருக்.
ரெண்டும் கலந்தா பிளெண்ட்,
பிடிவாத முடிக்கு."

இருநூற்று முப்பதுக்குக் கீழே
எந்த மின்சாரத்தையும் மதித்ததில்லை நான்.
மெதுவானதே போதும் என்றேன்.

இருபது எண்ணுவதற்குள்
நாக்கில் செம்பு ருசி.
இழுக்காமலே வந்தது முடி,
தண்ணீர் நின்ற நாற்றங்காலில்
நாற்று வருவதுபோல.

பதினொன்றாவதில் மின்விசிறி நின்றது.
ஊசி பாதி வழியில்.
கீழே யாரோ வாரியத்தைத் திட்டினார்கள்,
என் சம்பளத்தையும் சேர்த்து.

போன் டார்ச்சை என்னிடம் தந்துவிட்டு
ஜெசிந்தா கேட்டாள்:
"எப்ப வரும் மேடம்?"

தாடை அசையாமல் சொன்னேன்:
"லைன்ல ஆள் இருக்காங்க."