வெள்ளைப் பூச்சு

தெய்வாத்தாள் நோட்டோடு வந்தார்.
முன்னால் பிரித்தால் கொப்பரைக் கணக்கு,
திருப்பிப் பிடித்தால் காரின் கணக்கு.
"பதினாறு குடுத்துட்டு இருந்ததுங்க.
தை முடியப் பதிமூணு.
இப்பப் பதினொண்ணு.
பெட்ரோல் வாசம் என்ர மூக்குக்கே எட்டுது."

எஞ்சின் விளக்கு மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது.
அவர் மகன் அதன்மேல்
ஒரு பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தான்.

ஸ்கேனரைச் செருகினேன்.
முதல் ஆக்ஸிஜன் சென்சார் மந்தம் என்றது.
அது சொன்ன சூட்டில் கழற்றி எறிகிறவர்கள்
காங்கேயத்தில் உண்டு.
நான் அந்த ரகமில்லை என்று எனக்கொரு நினைப்பு.

ஈரச் சாக்கால் புகைக்குழாயை அடைத்துக் காது கொடுத்தேன்,
எங்கும் உஸ் இல்லை.
வயரில் எலிப்பல் இல்லை.
ஹீட்டருக்கு மீட்டர் ஆறு ஓம் காட்டியது, சரிதான்.

நல்ல சென்சார் சும்மா கிடக்காது.
புள்ளி ஒன்று, புள்ளி ஒன்பது, மறுபடி ஒன்று,
தறியில் நாடா ஓடுகிற மாதிரி
அக்கட்டயும் இக்கட்டயும்.
இது புள்ளி இரண்டில் படுத்திருந்தது.
காற்றுக்குழாயில் கிளீனர் அடித்து எழுப்பினேன்.
எழ நான்கு நொடி.
நான்கு நொடியில் களத்துக் காக்கை
ஒரு பருப்பைத் தூக்கிப் போய்விடும்.
பத்தலை பத்தலை என்று இது முனக,
நம்பி நம்பி ஊற்றியிருக்கிறது கம்ப்யூட்டர்.

எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி,
மரையில் எண்ணெய் விட்டு,
வாய் பிளந்த இருபத்திரண்டு சாக்கெட்டால் ஒரே இழுப்பு.
கிறீச்சிட்டுக் கொண்டு வந்தது.

கரி பிடித்திருக்கும் என்று பார்த்தேன்.
வெள்ளை.
சுண்ணாம்பு மாதிரி இல்லை,
லேசாய் மினுங்குகிற வெள்ளை.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி.
இதே கார். வால்வு கவரில் ஆயில் கசிவு.
நல்ல பசை தீர்ந்திருந்தது, கடைகள் சாத்தியாச்சு.
எதிரே அலுமினியக் கதவு செய்கிறவரிடம்
கண்ணாடி ஒட்டுகிற பசை வாங்கினேன்.
புளித்த காடி வாசம் அடித்தது.
"ஒண்ணும் ஆகாது" என்றேன்.
அப்போது பட்டறையில் வேறு யாரும் இல்லை.

அதன் ஆவி எஞ்சினுக்குள் போய் எரிந்து
எட்டு மாதமாக
இந்த நுனியில் மணலாய்ப் படிந்திருக்கிறது.

ஜோதிலிங்கமும் பார்த்தான். பங்காளி, பாதி முதல் அவனுடையது.
"வயசாச்சுன்னு சொல்லிருங்க.
எண்பதாயிரம் ஓடியிருக்குதல்ல."
ஓடியிருக்கிறதுதான்.
அதுதான் சிக்கலே.

பழைய பசையை நகத்தால் சுரண்டினேன்.
கவருக்குப் புது கேஸ்கெட்.
புது சென்சாரின் மரைக்கு மட்டும் கிரீஸ்,
நுனியில் விரல் படாமல்.
ஊதியூர் வரை ஓட்டித் திரும்பினேன்.
திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது.
ஜன்னல் வழியே தேங்காய்ப் பருப்பு வாசம் மட்டும்.

பில்லில் மூவாயிரத்து நூறு எழுதி
அடித்துவிட்டு
"என்ர தப்புங்க" என்றேன்.

வைவார் என்றிருந்தேன்.
அவர் நோட்டைத் திருப்பிப் பிடித்து
தேதி, கிலோமீட்டர், அதற்கு நேரே
'பசை' என்று எழுதினார்.
பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:
"ஏனுங்க, அந்த ட்யூபு
என்ர ஒரு காருக்கேவா தீர்ந்துச்சு?"

பொழுதோடு பில் புத்தகத்தைப்
பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஆடி, ஆவணி.
வெள்ளகோவில் வேன் எடுத்தது.
சென்னிமலை டாக்ஸி எடுத்தது, திட்டியது, நாளைக்கு வரும்.
மூன்றாவது எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

பேர் எழுதவில்லை.
சாம்பல் கலர், மூலனூர் என்று மட்டும் என் கையெழுத்து.
அங்கே எந்த ரோட்டிலோ இந்நேரம் அது
பத்தலை, பத்தலை என்று.