படுக்கை விரிப்பு

நீலம் என்கிறான் நோர்மன்.
கறுப்பு என்கிறேன் நான்.
மேய்ன் மாநிலத்தின் வடக்கு மூலையில்
பிப்ரவரி மாதம் நாலு மணிக்கு
எந்தப் புகையும் நீலம்தான்,
பனிமேல் சாயும் வேலிக்கம்பத்தின் நிழல்கூட.

உள்ளே போய் வெள்ளை விரிப்பு ஒன்றை உருவி வந்தேன்.
ஒரு முனை அவன், ஒரு முனை நான்,
சைலன்சருக்குப் பின்னால் விரித்துப் பிடித்தோம்,
உறைகுளிரில் சினிமா காட்ட வந்தவர்கள்போல.
ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆள் வேண்டும் என்பது
அப்போதுதான் உறைத்தது.

நல்லவேளை, தபால் கொண்டுவந்தாள் மிஷ்லீன்.
பெட்டி பெட்டியாகத் தபால் போட
வலது பக்கம் உட்கார்ந்தே ஓட்டுகிறவள்;
இந்த வட்டாரத்தில் என் வண்டியில் ஏறியதும்
இடக்கையால் கியரைத் தேடத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.
மிதித்தாள்.
துணியில் விழுந்தது ஒரு வட்டம்:
நடுவில் கரி, ஓரத்தில் எண்ணெய்.
யாருக்கும் வெற்றியில்லை.

முப்பத்து மூன்று வயது, மூன்று சிலிண்டர்,
அறுநூற்று அறுபது சிசி.
ஜப்பானில் யாரோ வெங்காயம் ஏற்றியிருக்கிறார்கள்;
வாங்கிய அன்று கதவிடுக்கில் சருகுத் தோல் கிடந்தது.
டாஷ்போர்டில் நான் படிக்க முடியாத ஒரு ஸ்டிக்கர்.
எச்சரிக்கையாக இருக்கலாம்.
மூன்று வருடமாக நான் அதை மீறிக்கொண்டிருக்கலாம்.

போன வசந்தத்தில்
முன்னூறு லிட்டர் மேப்பிள் சாற்றோடு
மேட்டை மூன்றாம் கியரில் ஏறியது.
இப்போது வெறும் தொட்டி, இரண்டாம் கியர்,
பிறகு ஒன்று,
பின்னால் பள்ளிக்கூட பஸ்,
ஜன்னல் நிறையக் குழந்தைகளின் இரக்கம்.

ரிங் போச்சு, ஒதெத், என்றான் நோர்மன்.
பெட்ரோல் பங்கில் நின்றவரும் ரிங் என்றார்.
பழைய எஞ்சின் ஒன்று ஆயிரத்து நானூறு டாலருக்கு
அவனுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறதாம்.
நெருப்பில்லாமல் புகையாது என்கிறார்கள்;
எந்த நெருப்பு, எந்த அறையில்,
அதைச் சொல்ல ஆளில்லை.

சீட்டைத் தூக்கினோம்.
உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அடியில்தான்
அத்தனை வெடிப்பும் நடக்கிறது.
பிளக்குகளைக் கழற்றினோம். வெல்வெட் மாதிரி உலர்ந்த கரி;
மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் ஈரம்.
கம்ப்ரெஷன் மானியைத் திருகினோம்.
நூற்று அறுபத்தெட்டு.
நூற்று எழுபது.
நூற்று அறுபத்தைந்து.
ரிங் ஒன்றும் போகவில்லை.

மானி பொய் சொல்லுது, என்றான்.
நிரூபிக்கத் தன் பிக்கப்பில் மாட்டினான்,
எட்டு சிலிண்டர், ஊரே கேட்கும் உறுமல்.
ஐந்தாவதில் முள் தொண்ணூறைத் தாண்டவில்லை.
முள்ளைத் தட்டினான்.
தொண்ணூறு.
கையுறையைக் கழற்றினான், மாட்டிக்கொண்டான்.

அப்புறம்தான் ஏர் ஃபில்டரைத் திறந்தேன்,
முதலில் திறந்திருக்க வேண்டியதை.
உள்ளே ஒரு குடித்தனம்:
ஓட்ஸ், என் சுவரிலிருந்து உருவிய இளஞ்சிவப்புப் பஞ்சு,
மிஷ்லீன் கொண்டுவந்த விளம்பரத் தாள்கள்
பொடிப்பொடியாக, மெத்தையாக.
எலி காலி செய்துவிட்டுப் போய்விட்டது.
மூச்சு அடைத்த எஞ்சின்
பக்கத்துக் குழாய் வழியே
தன் எண்ணெயையே உறிஞ்சிக் குடித்திருக்கிறது.
கறுப்பும் அதனால்தான், நீலமும் அதனால்தான்.

பதினெட்டு டாலருக்குப் புது ஃபில்டர்.
மேட்டில் மூன்றாம் கியர்.
பஸ் இல்லை பார்க்க, அதுதான் குறை.

காலையில் முதல் திருகலுக்கு மட்டும்
ஒரு வாய் நீலப்புகை இன்னும் வருகிறது.
வால்வு சீல்.
சாறு இறங்கி முடியட்டும், ஏப்ரலில் பார்ப்போம்;
எனக்கும்தான் எழுந்தவுடன் இருமல் வருகிறது.

விரிப்பை இரண்டு முறை துவைத்தேன்.
வட்டம் போகவில்லை.
கால்மாட்டுப் பக்கம் வருமாறு விரித்துப் படுக்கிறேன்.

நேற்று இரவு நோர்மன் போன் செய்தான்.
பனியைப் பற்றிப் பேசினான், பெட்ரோல் விலையைப் பற்றி,
எங்கள் பாதிரியாரின் முழங்காலைப் பற்றி.
கடைசியில் கேட்டான்:
அந்தத் துணி
இன்னும் இருக்கா?