வாசிப்பு: சுமார்

வருஷம் ஒருமுறை பாதிரியார் வந்து
சமையலறை மேசையில் பேரேட்டை விரித்திருக்கிறார்.
ஆளுக்கு ஒரு வரி.
அம்மை குத்தியாயிற்றா, ஞானோபதேசம் மனப்பாடமா,
வாசிப்பு எப்படி.

போத்தில்டா நில்ஸ்டோட்டர், பண்ணை வேலைக்காரி, பிறப்பு 1831.
வாசிப்பு: சுமார்.
புரிதல்: அதைவிடச் சுமார்.
அவளுக்குக் கீழே ஓர் ஆண்குழந்தை,
தகப்பன் பெயருக்கு விட்ட இடத்தில்
வெறும் தாள்.
அந்த வெறும் தாளின் வழிவந்தவன் நான்.
லுண்டில் பேருந்து ஓட்டுகிறேன்.

அடுத்த ஏட்டில் பையன் மட்டும் இருக்கிறான்,
யாரோ வீட்டுக் கணக்கில்.
அவளைப் பக்கத்துச் சபையில் தேடினேன், அதற்கும் பக்கத்தில்.
அக்டோபருக்கு அக்டோபர் பண்ணை மாறி
ஒரு மூட்டையோடு
எப்போதும் எனக்கு ஒரு பக்கம் முன்னால் போனாள்.

நேற்று அகப்பட்டாள். பெயர்மேல் கோடு.
செத்தவர்களையும் இப்படித்தான் அடிப்பார்கள்,
ஊரைவிட்டுப் போனவர்களையும்.
ஓரத்தில் பொடியாக ஒரு சொல்:
முதலெழுத்து ‘அ’, மிச்சமெல்லாம் ஈரம் தின்றது.

அமெரிக்கா என்றிருக்கலாம்.
எங்கள் மொழியில் காலமானாள் என்பதற்கும்
அதே எழுத்துதான் முதலில்.

காப்பகத்தில் விளக்கணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.
பூதக்கண்ணாடியோடு இன்னும் எழுத்துக்கூட்டுகிறேன்.
என் பெயருக்கு நேரேயும் போட்டுக்கொள்ளுங்கள், பாதிரியாரே.