14:12

ஹாகன் ரயில் நிலையத்துக்கு எதிரே
மூன்று மாடிக் கடை.
அதன் நிலவறையில், ஜன்னல் இல்லாத அறையில்,
எட்டுத் திரைகளோடு இருக்கிறேன்,
இது பதினோராவது வருடம்.
கிருபைநாதன் என்பதை இங்கே எவராலும்
சொல்லி முடிக்க முடியாததால்
நாதன் என்று நானே வெட்டிக் கொடுத்தேன்.

கறுத்தவர்களைக் கவனி என்று
ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.
எழுதித் தரவும் இல்லை.
அகப்பட்டவர்களின் கோப்பை எடுத்தால்
பாதிக்கு மேல் நரைத்த வெள்ளைக்காரப் பெண்கள்.
உதட்டுச் சாயம், பூனைக்கான டின் மீன்.
ஒருமுறை ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
தொப்பிக்குள் வெண்ணெய்.
தெரியும்.
தெரிந்தும், வாசலில் ஒரு சுருட்டை முடி நுழைந்தால்
என் கழுத்து தானாகத் திரும்பும்.

இந்தக் கண்ணை நான் ஜெர்மனியில் வாங்கவில்லை.
சுன்னாகத்தில் அப்பாவுக்கு ஒரு கடை.
சிலர் படியேற மாட்டார்கள். ஏறக் கூடாது.
வெயிலில் நின்று அரைக் கொத்து அரிசி கேட்பார்கள்,
காசைப் படியின் விளிம்பில் வைத்துவிட்டு
ஓரடி பின்னால் போய் நிற்பார்கள்.
சீனி மூட்டையின் மேல் என்னை இருத்தி
"அவையின்ர கையைப் பாத்துக்கொண்டிரு" என்பார் அப்பா.
பார்த்தேன்.
ஒரு கையும் ஒன்றையும் எடுக்கவில்லை.
படியில் இருந்த காசுக்குத் தண்ணீர் தெளித்து
எடுத்துப் போட்டது என் கைதான்.

போன செவ்வாய்,
சவர பிளேடு மூன்று பெட்டி குறைகிறது என்றாள் டோர்தே.
வெள்ளிக்கிழமைப் பதிவை ஓடவிட்டேன்.
நாலாவது கமரா மேலிருந்து பிடிப்பது.
முகம் சரியாக விழாது.
14:12.
ஒருவன் வருகிறான், தோளை ஒடுக்கிக்கொண்டு.
எடுக்கும் முன்னர் இடமும் வலமும் பார்க்கிறான்.
எடுத்ததை நெஞ்சுக்கு நேரே
தூக்கிப் பிடித்தபடி நடக்கிறான்,
யாருக்கோ காட்டுவதுபோல.
நடிப்பு. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
படிவத்தில் எழுதினேன்:
ஆண். தென்புலத் தோற்றம். வயது ஐம்பது இருக்கும்.
மலிவான ஜாக்கெட். பதற்றமான நடை.

டோர்தே தேநீர்க் கோப்பையோடு
என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.
"நாதன், இது நீதானே."
சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை.

பின்னுக்கு ஓட்டினேன். முன்னுக்கு ஓட்டினேன்.
ஜாக்கெட் என்னுடையது.
மலிவானதும் இல்லை, எண்பது யூரோ.

எந்தக் கடையிலும் நான்
சட்டைப்பைக்குள் கை விடுவதில்லை.
பஸ்ஸில் பின் இருக்கையில் தமிழ் கேட்டால்
ஜெர்மன் பத்திரிகையை அகல விரிப்பேன்.
போன மார்கழியில் ஒரு பெண்,
தள்ளுவண்டியில் சளி பிடித்த குழந்தை,
"அண்ணை, நீங்கள் தமிழோ?
பால்மா எந்தப் பக்கம்?" என்றாள்.
'நைன்' என்றேன்.
பிறகு கீழே இறங்கி வந்து
மூன்று மாடியும், திரை திரையாக,
அவள் கைகளின் பின்னால் போனேன்.
பால்மாவைக் கண்டுபிடிக்க
அவளுக்கு இருபது நிமிடம் எடுத்தது.

காசு கொடுத்துத்தான் வாங்கினேன், அந்த பிளேடை.
எனக்கே தெரியும்.
ஆனாலும் எழும்பினேன்.
ஜாக்கெட்டின் உள்பையைத் துழாவினேன்.
காற்சட்டைப் பை, பணப்பை, பணப்பையின் மடிப்பு.
நெஞ்சு அடித்த அடியைப் பார்த்தால்
எடுத்திருப்பேனோ என்று எனக்கே பட்டது.
பழைய ரசீதுகள், மை அழிந்தவை, நூறாவது இருக்கும்,
எல்லாவற்றுக்கும் அடியில் கிடைத்தது.
ஒரு பெட்டி. பதினொன்று தொண்ணூற்றைந்து. 14:19.

டோர்தே ரசீது கேட்கவே இல்லை.
மற்ற இரண்டையும் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள்.
"என்ன அது?" என்று கையை நீட்டினாள்.
நீட்டிய கையில் வைத்திருக்கலாம்.
நான் அதை மேசையின் விளிம்பில் வைத்துவிட்டு
ஓரடி பின்னால் போய் நின்றேன்.